கல்லைத் தொட்டவள்

டன்வெல், பிப்ரவரி 20

டாரியா,

நேற்றுக் காலை நான் சொல்லாமல் விட்டவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். பெவ் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தபோது "விடுங்கள்" என்று சொல்லவில்லை. அப்பா "காபி வேணுமா?" என்று கேட்டபோது "நீங்களும் பார்த்தீர்களா?" என்று கேட்கவில்லை. உன் பெயரைக் கத்திக்கொண்டு மாட்டு மணிகளை ஆட்டிய முப்பது பேருக்கு நடுவே நின்று, "அவள் கல்லைத் தொட்டுவிட்டாள்" என்ற மூன்று சொற்களை நான் சொல்லவில்லை.

ஒலிம்பிக் முடிந்து நீ சாஸ்கடூன் திரும்பும்போது இந்தக் கடிதம் உன் தபால்பெட்டியில் கிடக்கும். தொலைபேசியில் பேசலாம்தான். நீ சத்தம் போடுவாய், நான் "ஒன்றுமில்லை" என்று சொல்லி வைத்துவிடுவேன். மூன்று வருடமாக அக்காவும் தங்கையும் அப்படித்தானே பேசிக்கொள்கிறோம்.

நேற்று இங்கே குளிர் மைனஸ் முப்பத்தொன்று. ஆட்டம் எங்களுக்குக் காலை ஏழு மணிக்கு. ஆறு மணிக்கே, ஊர்ப் பனியரங்கில் டிவி இருக்கும் ரிங்க் மாடியறை நிரம்பிவிட்டது. சமையலறையில் பெவ்வும் நானும் முறை. அந்த நேரத்திலேயே அவரைக்குழம்பும் பட்டை பன்னும் கேட்டார்கள். ஓரெஸ்ட் கன்று ஈனும் பசுவை விட்டுவிட்டு அப்படியே வந்திருந்தார். சட்டைக்கையில் ஈரம் காயவில்லை. கூட்டுறவுக் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ரெனாட்டோவும் வந்திருந்தான். மணிலாவிலிருந்து வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. கர்லிங் பார்ப்பது அவனுக்கு இதுதான் முதல் தடவை.

"ஒருத்தங்க கல்லைத் தள்ளி விடுறாங்க. ரெண்டு பேரு அதுக்கு முன்னாடி பெருக்கிக்கிட்டே ஓடுறாங்க. அவ்ளோதானா?" என்று கேட்டான்.

"அவ்ளோதான். பெருக்கப் பெருக்கக் கல்லு தூரம் போகும். அந்த வட்டத்துக்கு நடுவுல யாரு கல்லு நிக்குதோ அவங்களுக்குப் புள்ளி" என்றாள் பெவ். "எங்க வீட்டுக்காரரு டிவியில பெருக்குறத ரெண்டு மணி நேரம் பாப்பாரு. வீட்டுல ஒரு நாள் கையில தொட்டதில்ல."

"பெருக்கும்போது துடைப்பம் கல்லு மேல பட்டுட்டா?"

"பட்டவளே கையத் தூக்கிச் சொல்லிடுவா. அப்புறம் அந்தக் கல்ல என்ன செய்றதுன்னு எதிர் டீம் தலைவி முடிவு பண்ணுவா. அப்படியே விடலாம், எடுத்தும் போடலாம்."

"யாருமே பாக்கலன்னா?"

"பாக்கலன்னாதான் ராசா சொல்லணும். எல்லாரும் பாத்துட்டா அப்புறம் சொல்றதுக்கு என்ன இருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். பெவ் கரண்டியால் கதவுப் பக்கம் காட்டினாள். "அந்தப் பலகைல யாரு பேரு இருக்குன்னு பாரு. நம்ம லெஸ்யா. மாகாண இறுதியில கடைசிக் கல்லு. இவளும் அக்காவும்தான் பெருக்குனாங்க. பட்டத ஒரு ஈ காக்கா பாக்கல. இவளே கையத் தூக்கினா. கோப்பையே போச்சு."

"கோப்பை போனதுக்கா பலகை?"

"அதுக்குத்தான்."

"மூணு வருஷமா அந்தப் பலகையப் பாத்துக்கிட்டேதான் பியர் குடிக்கிறேன்" என்றார் ஓரெஸ்ட். "இன்னும் சலிக்கல."

நான் பன் தட்டில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

அதற்கு ஒரு மணி நேரம் கழித்து, எட்டாவது சுற்றில், நீ பெருக்கிக்கொண்டு ஓடிய கற்களில் ஒன்று ஒரு நொடி தயங்கியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மனிதர்கள் தயங்குவார்களே, அப்படி. உன் துடைப்பம் அதன் விளிம்பில் பட்டதைப் பார்த்தேன். நீ தலையை நிமிர்த்தினாய். இடது பக்கம் பார்த்தாய். பிறகு குனிந்து மறுபடி பெருக்க ஆரம்பித்தாய். உன் கை மேலே போகவே இல்லை.

நார்வேயை ஒரே ஒரு புள்ளியில் வென்றீர்கள்.

நாளை இறுதிப் போட்டி. அதற்குள் இது உனக்குக் கிடைக்காது. அதுவும் நல்லதுதான்.

மார்ச் 14 சனிக்கிழமை உனக்கு வரவேற்பு. வரவேற்புரையை எழுத என்னைத்தான் கேட்டிருக்கிறார்கள், நூலகத்தில் சும்மா உட்கார்ந்திருப்பவள் என்று. நெடுஞ்சாலையில் வைக்க உன் பெயரோடு பெரிய பலகையும் செய்யக் கொடுத்தாகிவிட்டது, எந்தப் பதக்கம் என்பதை மட்டும் நாளைக்குப் பிறகு எழுதுவார்களாம். அந்த உரையில் "நேர்மை" என்ற சொல் வர வேண்டுமாம். பெவ் இரண்டு முறை சொல்லிவிட்டாள்.

நான் பார்த்தது தவறு என்று ஒரு வரி எழுது. நம்பிவிடுகிறேன்.

லெஸ்யா


சாஸ்கடூன், மார்ச் 1

லெஸ்யா,

ஒன்பது நாள் தாமதமான வாழ்த்துக்கு நன்றி. ஓ, நீ வாழ்த்தவே இல்லை.

பதினெட்டு மணி நேரப் பயணம் முடிந்து வந்து, பெட்டியைத் திறப்பதற்கு முன்பே உன் கடிதத்தைத்தான் திறந்தேன். உள்ளே கன்றுக்குட்டி, பட்டை பன், ஓரெஸ்டின் சட்டை, கடைசியில் ஒரு கத்தி. நீ கதை எழுதலாம்.

நீ பார்த்தது தவறு. இதோ, கேட்ட ஒரு வரி. அங்கே கேமரா உயரத்தில் இருந்தது. அந்தக் கோணத்தில் எல்லாத் துடைப்பமும் எல்லாக் கல்லையும் தொடுவதுபோலத்தான் தெரியும். அந்த ஆறாவது கல் மெதுவான பனியில் போனது, அதனால் தயங்கியது. அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. பக்கத்திலேயே ஓடிய கேன்டிஸ் ஒன்றும் சொல்லவில்லை. நார்வேக்காரிகள் நாலு பேரும் சொல்லவில்லை. எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, பன் சுட்டுக்கொண்டிருந்த உனக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

உனக்கு ஏன் எப்போதும் யாராவது தோற்க வேண்டும்? மாகாண இறுதியில் உன் கை வானத்துக்குப் போனது, நாம் வீட்டுக்குப் போனோம். இருநூறு கிலோமீட்டர் அப்பா பேசாமல் வண்டி ஓட்டினார். வானொலியில் பன்றி விலை சொன்னார்கள். உனக்குப் பலகை கிடைத்தது, எனக்குப் பன்றி விலை.

இறுதிப் போட்டியில் நாங்கள் தோற்றதைப் பார்த்திருப்பாய். வெள்ளி கனமாகத்தான் இருக்கிறது. வங்கிக்குப் போட்டுக்கொண்டு போனேன், வரிசையில் நின்றவர்கள் எனக்கு வழிவிட்டார்கள்.

உரையை நன்றாக எழுது. "நேர்மை" வேண்டுமானால் போடு, வேண்டாமானால் விடு.

டாரியா


டன்வெல், மார்ச் 4

டாரியா,

அந்தச் சுற்றில் உங்கள் அணி எட்டுக் கற்கள் விட்டது. எந்தக் கல் என்று நான் எழுதவில்லை. என் கடிதத்தின் நகலைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன்.

ஆறாவது என்று எழுதியது நீ. ஆறாவது கல்தான்.

இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. நம்பத் தயாராகத்தான் உன் உறையைப் பிரித்தேன். ஒரு வாரமாக அதற்கென்றே பழகிக்கொண்டிருந்தேன்.

உரைக்கான தாள் மேசையில் இருக்கிறது. மேலே உன் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். அப்பா தினமும் வழக்கம்போல ரிங்கைத் திறக்கிறார், கல் நன்றாக ஓடப் பனிமேல் நீர்த்துளி தூவுகிறார், மூடுகிறார். அந்த ஆட்டத்தின் பதிவைக் காபி நேரத்தில் தினமும் போட்டுப் பார்க்கிறார்கள். எட்டாவது சுற்று வரும்போது அப்பா எழுந்து குளிர்சாதன அறைக்குப் போய்விடுகிறார். இயந்திரத்தைப் பார்க்க வேண்டுமாம். அது ஒழுங்காகத்தான் ஓடுகிறது.

நீ ஒன்று கேட்டிருக்கிறாய், பதில் சொல்லிவிடுகிறேன். யாரும் தோற்பதில் எனக்கு ஆசை இல்லை. அன்று கையைத் தூக்கியதற்கு நான் வருந்தவும் இல்லை. ஆனால் அதன் பிறகு நான் ஏன் ஆடவில்லை என்று நீ ஒருமுறைகூடக் கேட்டதில்லை. உன் கோபத்துக்குப் பயந்து என்று நினைத்திருப்பாய். அது காரணமில்லை. கடைசிக் கல்லில், எல்லாரையும் விட நான் கவனமாக இருக்க வேண்டிய நேரத்தில், என் கை பிசகியது. அந்தக் கையை நம்பி இன்னொரு முறை பனியில் இறங்க என்னால் முடியவில்லை. துடைப்பத்தை நம் அறைக் கட்டிலுக்கு அடியில் போட்டேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

லெஸ்யா


சாஸ்கடூன், மார்ச் 7

லெஸ்யா,

சலவை இயந்திரம் பழுதாகிவிட்டது. குழாய்க்காரர் திங்கட்கிழமைதான் வருவாராம். பள்ளிகளில் பேசக் கூப்பிடுகிறார்கள். நேற்று ஒரு சின்னப் பெண் பதக்கத்தைக் கடித்துப் பார்த்தாள்.

இதற்குமேல் எழுத வேறு செய்தி இல்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் துடைப்பம் கல்லைத் தொடவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு, மாகாண இறுதியில். தொட்டது என்னுடையது.

டிக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. உனக்கும் கேட்டது. நம் இரண்டு துடைப்பமும் நாலு விரல் இடைவெளியில் இருந்தன. எனக்குக் கைப்பிடி வழியாக மணிக்கட்டு வரை அது தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நீ கையைத் தூக்கிவிட்டாய். திறந்திருப்பேனா? திறந்திருப்பேன் என்றுதான் மூன்று வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உன் கை மேலே போனதும், சரி, யார் சொன்னால் என்ன, சொல்லியாகிவிட்டது என்று நினைத்தேன். வண்டியில் சொல்ல நினைத்தேன். மறுநாள் சொல்ல நினைத்தேன். அதற்குள் செய்தித்தாளில் உன் படம் வந்துவிட்டது. பிறகு அந்தப் பலகை. அது மாட்டிய அன்று நானும் கைதட்டினேன், நினைவிருக்கிறதா? என் தப்புக்கு உனக்குக் கிடைத்த பாராட்டைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. இப்படியும் ஒரு பிறவி.

அதனால்தான் உன்மேல் அவ்வளவு கோபம். உன்னைப் பார்த்தால் எனக்கு அந்த டிக் கேட்கும்.

ஒலிம்பிக்கில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பட்டது தெரிந்தது. நான் இடது பக்கம் பார்த்தேன் என்று எழுதியிருந்தாயே. அங்கே கேன்டிஸ் இருந்தாள். நான் தேடியது உன்னை. யாராவது கையைத் தூக்குவார்கள் என்று ஒரு நொடி காத்திருந்தேன். யாரும் தூக்கவில்லை. கல் போய்க்கொண்டே இருந்தது.

நீ ஆடாமல் விட்டதற்குக் காரணம் உன் கை என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

டாரியா


டன்வெல், மார்ச் 10

டாரியா,

உன் கடிதம் நூலகத்துக்கு வந்தது. மேசையில் நின்றபடியே படித்தேன். யாரோ விதைப் பட்டியல் கேட்டார்கள், கொடுத்தேன். அன்று முழுக்க எல்லாப் புத்தகத்திலும் தவறான தேதியை முத்திரை குத்தியிருக்கிறேன், மாலையில்தான் கவனித்தேன்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். அது இன்னும் வந்து சேரவில்லை. முதலில் வந்தது வேறொன்று. அன்று என் கையில் அந்தத் தொடுகை தெரிந்தது, டாரியா. நடிக்கவில்லை. விரல்களில் தெரிந்தது. இன்றும் கண்ணை மூடினால் தெரிகிறது. நடக்காத ஒன்று என் கையில் எப்படித் தெரிந்தது? என் கையை நம்ப முடியாது என்று ஆட்டத்தை விட்டேன். நம்ப முடியாததுதான். ஆனால் நான் நினைத்த விதத்தில் அல்ல.

கதவருகே இருந்த பலகையைக் கழற்றி என் பையில் வைத்துக்கொண்டேன். அப்பா பார்த்துவிட்டு "என்னம்மா?" என்றார். "தூசி" என்றேன். இப்போது சுவரில் இரண்டு ஆணி இருக்கிறது.

சனிக்கிழமை நீ வருவதும் வராமல் இருப்பதும் உன் விருப்பம். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லமாட்டேன். இதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. தொட்டவள்தான் சொல்ல வேண்டும், மற்றவள் சொல்லக்கூடாது. அந்த விதியை நான் ஏற்கெனவே ஒருமுறை, தெரியாமல், மீறிவிட்டேன்.

உரை எழுதவில்லை. தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பெயருக்குக் கீழே காலியாக இருக்கிறது.

லெஸ்யா


டன்வெல், மார்ச் 16

டாரியா,

வரவேற்பில் நீ பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. இரண்டையும் சொன்னாய், முதலில் மாகாணம், பிறகு ஒலிம்பிக். கையில் அந்தத் தாள் இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தாய் என்று தெரியவில்லை, நீ அதைப் பார்க்கவே இல்லை. பிறகு சமையலறைக் கதவு வழியாக வெளியே போனாய். நீ போன பிறகு நடந்ததை எழுதுகிறேன், உனக்குத் தெரிய வேண்டும்.

நூற்றெழுபது பேரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் வண்டி கிளம்பிய சத்தமும் எல்லாருக்கும் கேட்டது. முதலில் வாயைத் திறந்தது பெவ். "இப்ப இந்த அறுநூறு பெரோகிக் கொழுக்கட்டைய யாரு திங்கிறது?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவைக்க அதைச் சொல்லவில்லை. தட்டை வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

ஓரெஸ்ட் மணியை மேசைமேல் வைத்தார். "உலகமே பாக்குற எடத்துல போயி... நம்ம நாட்டுப் பேர முதுகுல போட்டுக்கிட்டு. நான் அதுக்குக் கன்ன விட்டுட்டு வந்தேன்" என்றார்.

"கன்னு நல்லாத்தானே இருக்கு?" என்றாள் அவர் மனைவி.

"கன்னு நல்லாத்தான் இருக்கு. அதுவா இப்ப பேச்சு?" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

ரெனாட்டோ என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான். "ஆனா சொல்லிட்டாங்கல்ல?"

"சொல்லிட்டா."

"அப்ப இனிமே எதிர் டீம் தலைவிதானே முடிவு பண்ணணும்?"

நார்வேயை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நீயும் நானும்கூட. நமக்குள்ளேயே எழுதிக்கொண்டிருந்தோம்.

பலகையை எடுத்து பெவ்விடம் கொடுத்தேன், இது என்னுடையது இல்லை என்று. வாங்கவில்லை. "நீ தொட்டதா நெனச்ச. சொன்ன. அது பொய்யா?" என்றாள். இன்னும் என் பையில்தான் இருக்கிறது.

கடைசியாக இதையும் எழுத வேண்டும். கூட்டம் கலைந்த பிறகு அப்பா பனித்தடத்தில் நீர் தூவிக்கொண்டிருந்தார். நான் ஓரமாக நின்றேன். முதுகில் நீர்க்கலம், கையில் குழாய், பின்பக்கமாக நடந்துகொண்டே சொன்னார்: "அன்னைக்கே தெரியும்."

"என்னைக்கு?"

"மாகாண இறுதி அன்னைக்கு. கல்லு வலது பக்கம் இழுத்துச்சு. வலது பக்கம் ஓடுனது அவதான்."

"மூணு வருஷமாப்பா. ஒரு வார்த்தை சொல்லலையே."

அவர் தடத்தின் கடைசி வரை தூவி முடித்தார். பிறகு குழாயை மூடினார்.

"நானா தொட்டேன்?" என்றார்.

லெஸ்யா


சாஸ்கடூன், ஏப்ரல் 20

லெஸ்யா,

அப்பாவைப் பற்றி நீ எழுதியதைப் படித்துவிட்டு, உனக்குப் பதில் எழுத ஒரு மாதம் ஆகியிருக்கிறது. அவரிடம் பேச இன்னும் முடியவில்லை.

ரெனாட்டோ சொன்னதுதான் சரி. மறு வாரமே நார்வே அணித் தலைவிக்கு எழுதினேன். பதில் நேற்று வந்தது. சுருக்கமான கடிதம். "அன்றே கை தூக்கியிருந்தால் கல்லை அப்படியே விட்டிருப்பேன் என்று உங்களுக்கு எழுத ஆசைப்பட்டேன். இரண்டு நாள் யோசித்தேன். உண்மையில் எடுத்திருப்பேன். நாங்கள் இறுதிக்குப் போயிருப்போம். சொன்னதற்கு நன்றி. இனி எனக்கு எழுத வேண்டாம்."

நாலைந்து முறை படித்தேன். மன்னிப்பைவிட இது நன்றாக இருக்கிறது என்று சொன்னால் உனக்குப் புரியும். வேறு யாருக்கும் புரியாது.

என்னை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். கேன்டிஸ்தான் அழைத்துச் சொன்னாள். அவளுக்கும் அன்று சத்தம் கேட்டதா என்று கேட்டேன். "நல்லா இரு டாரியா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஆட்ட முடிவு மாறாதாம். பதக்கத்தை எங்கே அனுப்ப வேண்டும் என்று மூன்று இடத்தில் கேட்டேன். திருப்பி வாங்கிக்கொள்ள யாருக்கும் வழிமுறை இல்லை. கரண்டிகளோடு இழுப்பறையில் கிடக்கிறது. முள்கரண்டி எடுக்கும்போதெல்லாம் கையில் தட்டுகிறது.

அந்த நெடுஞ்சாலைப் பலகையை என்ன செய்தார்கள்? விறகாக்கினார்களா? கேட்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் எழுது.

டாரியா


டன்வெல், மே 9

டாரியா,

உன் கேள்விக்குப் பதில்.

பலகை மார்ச்சும் ஏப்ரலும் ஊராட்சிக் கொட்டகையில், உரம் தெளிக்கும் இயந்திரத்துக்குப் பின்னால், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. சென்ற செவ்வாய்க்கிழமை குழு கூடியது. ஏழு பேர். ஓரெஸ்ட் வருவாரா என்று சந்தேகமாக இருந்தது, வந்தார். உன் பெயரை அழித்துவிட்டு ஊர்ப் பெயரை மட்டும் வைக்கலாம் என்று ஒரு யோசனை. "அப்ப எதுக்குப் பலகை, ஊரு தெரியாமலா வராங்க?" என்று பெவ் கேட்டாள். "தப்பு பண்ணினவளும் இந்த ஊர்ப் பொண்ணுதானே. சொன்னவளும் அவதான்."

ஓரெஸ்ட் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, "வெள்ளிங்கிறது நெசந்தானே. எழுதுனது எதுவும் பொய் இல்லையே" என்றார்.

இருக்கிறபடியே வைப்பது என்று முடிவானது. ஆதரவாக ஆறு, எதிராக ஒன்று. எதிராக இருந்த ஒரு கை அப்பாவுடையது. காரணம் கேட்டார்கள். சொல்லவில்லை.

உறைந்து கிடந்த மண் இந்த வாரம்தான் இளகியது. இன்று காலை பத்து மணிக்கு நெடுஞ்சாலைத் திருப்பத்தில் பலகையை நட்டார்கள். நானும் போயிருந்தேன். இரண்டு கம்பங்களுக்கு இரண்டு குழி.

குழி தோண்டியது அப்பாதான்.

லெஸ்யா